ஒரே முத்திரை, இரண்டு கோதுகள்

கலியாண வீடுகளில் என்னைப் புதிதாகச் சந்திக்கிறவர்கள் நான் ஓய்வுபெற்ற தாதி என்றோ ரீச்சர் என்றோதான் நினைப்பார்கள். என் தலைமுறையில் மெல்பேணுக்கு வந்த தமிழ்ப் பெண்களில் பலர் அந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்தார்கள். “அன்ரி, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?” என்று கேட்டால், “ஒரு தொழிற்சாலையில தரம் பாக்கிற வேலை” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொல்வதில்லை. ஊரில் துப்பாக்கி ரவைச் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்த பிள்ளைகள் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போது, “நான் ரவைக் கோது அளந்தனான்” என்று சொல்ல வாய் வராது. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எதிரில் இருந்த பெண் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் நித்யா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, பொயிண்ட் குக்கில் என் மகன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். மருந்துப் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியியலாளர். போன மாதம் வந்தவள், “ஆன்ட்டி, எங்க பிளான்ட்ல கேமரா வெச்சுட்டாங்க. இனிமே கையால யாரும் அளக்க மாட்டாங்க. நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு எழுதி வைங்களேன், எங்க டீம்ல படிக்கக் குடுக்கறேன்” என்றாள். அவள் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே எழுதப்போகிறேன்.

எங்கள் தொழிற்சாலை செய்த ரவைகள் போருக்குப் போனவை அல்ல. கழகங்களில் சனி ஞாயிறுகளில் காகித இலக்கைப் பார்த்துக் கைத்துப்பாக்கி சுடுகிறவர்களுக்கானவை. எழுபதுகளில் மெல்பேணின் மேற்குப் பகுதியில், சன்ஷைனுக்கு அப்பால், தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகளில் இயங்கிய சின்னக் கொம்பனி அது. கழகங்கள் சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளை வாளி வாளியாக அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைக் கழுவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் நிரப்பிப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்போம்.

ஒரு ரவையில் நான்கு பொருட்கள் உண்டு. முன்னால் ஈயக் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் சிறிய கேப், இவை மூன்றையும் பிடித்துவைத்திருக்கும் பித்தளைக் கோது. சுட்டபிறகு மிஞ்சுவது கோது ஒன்றுதான். நல்ல கோதைப் பல தடவை பாவிக்கலாம். ஆனால் வெடிக்கும்போது அது விரியும். நாங்கள் அச்சில் வைத்து நெரித்துச் சுருக்குவோம். விரிந்தும் சுருங்கியும் பித்தளை இறுகிப்போகும். பிறகு ஒருநாள் வாயோரத்தில் மயிர் போல வெடிப்பு விழும். சில கோது நீண்டுவிடும். செய்த கொம்பனியைப் பொறுத்து ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. எல்லாம் ஒரே வாளியில்தான் வரும். அவற்றைப் பிரித்துத் தருவதுதான் என் வேலை.

கொழும்பில் அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் நிறை, அளவு பார்க்கும் உதவியாளராக இருந்தவள் நான். என் கணவர் சிவநாதன் ரயில்வேயில் படவரைஞர். இங்கே வந்த முதல் வருடத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கச் சற்றுச் சுணங்கியது. கடைசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். ஒரு மைக்றோமீற்றரைக் கையில் தந்து, “இந்தக் கம்பியை அளந்து சொல்லுங்கள்” என்றார்கள். அளக்க முன்னர் மைக்றோமீற்றரை முழுக்க மூடிப் பூச்சியம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. அதைச் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காற்சட்டை போட்டதும் அந்த வேலைக்காகத்தான். முதல் நாள் முழுக்க யாரோ என் கால்களையே பார்ப்பதுபோல இருந்தது. யாருமே பார்க்கவில்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி. முதல் தேநீர் இடைவேளையிலேயே அது ‘மாகி’ ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிடாதவர் ஒருவர்தான்: என் போர்மன் கீத் ரோலி. அவர் கடைசிவரைக்கும் “மிஸஸ் சிவநாதன்” என்றே அழைத்தார். வீட்டில் பழகிவிட்டு வந்தவர்போல ஒவ்வோர் அசையையும் நிதானமாகச் சொல்வார்.

ரோலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நெட்டையான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். இரண்டாம் உலக யுத்தத்தில் இடது காது கேட்காமல் போய்விட்டது. ஆகவே அவருடன் பேசுகிறவர்கள் வலப்பக்கம்தான் நிற்கவேண்டும். தெரியாமல் இடப்பக்கம் நின்றவரை அவரே தோளைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக் கொண்டுவருவார், நடனம் ஆடுவதுபோல. கோபமாக வந்தவர்கள்கூட அந்தச் சுற்றில் பாதிக் கோபத்தை இழந்துவிடுவார்கள். வெறும் வாயால் சொல்லும் முறைப்பாட்டை அவர் கேட்கவே மாட்டார். “பொருள் எங்கே?” என்பார். பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கவேண்டும். அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதன்பிறகுதான், “இப்ப சொல்லுங்கோ” என்பார். அங்கே நடந்த பேச்செல்லாம் ஆங்கிலம்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவையெல்லாம் எங்கள் தமிழிலேயே என் காதில் கேட்கின்றன, அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் கோது அளக்கும் அளவு அறை அவருக்குக் கோயில் மாதிரி. காலையில் நுழைந்ததும் குளிர்தண்ணீரில் கைகழுவித் துடைக்கவேண்டும். சூடான கை பட்டால் உருக்கு விரியும் என்பது அவர் கணக்கு. அளவு பார்க்கும் கேஜ்கள் எல்லாம் பச்சைக் கம்பளித் துணியில் கிடந்து அறையின் சூட்டுக்கு வரும்வரை யாரும் தொடக்கூடாது. பிறகு நான் ஒரு பிடி கோதுகளை எடுத்து உள்ளங்கையில் குலுக்குவேன். நல்ல கோதுகள் கலகலவென்று ஒலிக்கும். நடுவில் வெடிப்பு விழுந்த ஒன்று இருந்தால் அது மட்டும் தட்டையாக, ஓட்டைத் தகரம்போலக் கேட்கும். அதைத் தேடி எடுத்து எறிவேன். அடுத்தது அடிப்பக்கம். ஒவ்வொரு கோதின் அடியிலும் செய்த கொம்பனியின் முத்திரை குத்தியிருக்கும். முத்திரை வாரியாகப் பிரித்து, நீளம் பார்த்து, வாயின் தடிப்புப் பார்த்து, கடைசியில் துப்பாக்கியின் அறை அளவிலேயே துளைத்த உருக்குக் கட்டைக்குள் போட்டுப் பார்ப்பேன். தன் பாட்டில் விழுந்து, தன் பாட்டில் வெளியே வரவேண்டும். தள்ளவேண்டி வந்தால் அது கழிவு.

இப்படி எல்லாம் பார்த்து அனுப்பிய ஒரு தொகுதிதான் எங்களைக் குழப்பிவிட்டது.

ஓர் இலையுதிர்காலக் காலையில், வரவேற்பறையில் யாருடனும் பேசாமல் நேரே அளவு அறைக்குள் ஒரு பெண் வந்தாள். சிவந்த நகப்பூச்சு, உயர்த்திக் கட்டிய பொன்னிறத் தலைமயிர், கையில் ஒரு பிஸ்கற் தகரம். பெயர் ஜீன். வில்லியம்ஸ்டவுனில் தலைமயிர் அலங்காரக் கடை வைத்திருந்தாள். கைத்துப்பாக்கிக் குறிபார்ப்பில் மாநில அணிக்குத் தெரிவாகும் நிலையில் இருந்தவள். தெரிவுப் போட்டிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

“இதில எத்தினை ரவை உள்ள போகாம நிண்டது தெரியுமோ?” என்று தகரத்தை மேசையில் வைத்தாள். “கட்டைவிரலால தள்ளித் தள்ளி என்ர தோல் உரிஞ்சுபோட்டுது. உள்ள போனதுகளும் ஒழுங்காச் சுடேல்ல. ஒண்டு நடுவில விழுந்தா அடுத்தது வேலிக்குப் போகுது.”

ரோலியின் முகம் மலர்ந்தது. பொருளோடு வந்த வாடிக்கையாளரை அவர் அதற்கு முன் கண்டதில்லை. தகரத்தைத் திறந்து ஒரு ரவையை எடுத்தார்.

அதற்குள் செய்தி கேட்டு விற்பனை மனேஜர் பிரையர் ஓடிவந்தார். இளையவர், எப்போதும் கழுத்துப்பட்டி. கெட்டவர் அல்ல, ஆனால் எந்த வில்லங்கத்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடவேண்டும் அவருக்கு. ஜீன் தகரத்துக்குள் மடித்து வைத்திருந்த வெற்றுப் பெட்டிகளின் ஓரத்தில் இருந்த அடையாளத்தைப் பார்த்தார். முறைப்பாடு வந்த பெட்டிகள் எல்லாமே இரண்டாம் இயந்திரத்தில் நிரப்பியவை. முதலாம் இயந்திரப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

“இரண்டாம் மெஷினில ஆர் நிக்கிறது?” என்றார்.

ஸ்டவ்ரூலா நின்றாள். கிரேக்கத் தீவொன்றிலிருந்து வந்தவள். குள்ளமான உருவம், கறுப்புக் கண்கள். வேலைத்தலத்தில் அவளைவிட வேகமாகவும் சுத்தமாகவும் வேலை செய்கிறவர் இல்லை. அவளுக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவில் தடுக்கும். அதனால் எங்களுக்குள் நன்றாகவே பேச வந்தது. மத்தியானத்தில் அவள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பணியாரத்தையும் நான் கொண்டுபோகும் வடையையும் மாற்றிக்கொள்வோம்.

குண்டை அவள் சரிவாக இறக்கியிருக்கிறாள் என்று பிரையர் முடிவு செய்தார். அன்றே அவளை இயந்திரத்திலிருந்து எடுத்து, கோது கழுவும் பகுதிக்குப் போகச் சொன்னார். எங்கள் கொம்பனியில் கழுவும் பகுதிக்கு அனுப்பினால் அடுத்தது வாசல்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டவ்ரூலா வாதாடவில்லை. கையுறையைக் கழற்றி இயந்திரத்தின் மேல் வைத்தாள். “நான் பிழை செய்யேல்ல,” என்றாள். “வாளி கழுவுறன். வாளி முறைப்பாடு சொல்லாது.”

அன்று பின்னேரம் வீட்டில் சொன்னேன். சிவநாதன் பயந்துபோனார்.

“உமக்கேன் இந்த வில்லங்கம்? மனேஜர் ஒரு முடிவு எடுத்திட்டார். நாங்கள் இஞ்ச வந்தே கொஞ்ச நாள். உம்மட வேலையும் போனா?”

“கோதுகளை அளந்து விட்டது நான். அவளை வாளி கழுவ விட்டிட்டு நான் எப்பிடிச் சும்மா இருக்கிறது? கோதில பிழை எண்டா கோதில எண்டு தெரியட்டும். அவளில எண்டா அவளில எண்டு தெரியட்டும்.”

எழும்பிப்போய் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு, “அப்ப வடிவா அளந்து பாரும்” என்றார். அது அவருடைய சம்மதம்.

அடுத்த நாள் காலை ஜீனின் ரவைகளைக் கம்பளித் துணியில் வரிசையாக வைத்தேன். ஒன்றொன்றாக உருக்குக் கட்டைக்குள் போட்டேன். சில விழுந்தன. சில பாதியில் நின்றன. நின்றவற்றை மைக்றோமீற்றரில் சுற்றிச் சுற்றி அளந்தேன். வாய் சரி. அடி சரி. நடுவுக்குச் சற்றுக் கீழே மட்டும் ஒரு சின்ன வயிறு. கண்ணுக்குத் தெரியாது. நகத்தை வைத்து இழுத்தால் தெரியும்.

ரோலியைக் கூப்பிட்டு வலப்பக்கமாக நின்று காட்டினேன். அவர் ரவையை விரல்களுக்கிடையில் உருட்டினார்.

“வயிறு ஒரு பக்கமோ, சுத்திவரவோ?”

“சுத்திவர. எல்லாப் பக்கமும் ஒரே அளவு.”

“குண்டு சரிவா இறங்கினா எந்தப் பக்கம் புடைக்கும், மிஸஸ் சிவநாதன்?”

“ஒரு பக்கம்.”

தலையாட்டினார். “அப்ப ஸ்டவ்ரூலா இல்லை. வேற ஆரோ.”

இந்தச் செய்தியைப் பிரையரிடம் கொண்டுபோனோம். அவர் ஏற்கவில்லை. “அப்ப குண்டு பெரிசு” என்றார். குண்டுகளை அளந்தேன். எல்லாம் ஒரே அளவு. “அப்ப அந்த மனுசியின்ர ரிவோல்வர் இறுக்கம்” என்றார். ஆனால் அதே ரிவோல்வரில் முதலாம் இயந்திரத்து ரவைகள் வழுக்கிக்கொண்டு போயின. “அதுதான் நானும் சொல்லுறன், இரண்டாம் மெஷின்” என்றார் பிரையர், வென்றுவிட்டவர்போல.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதலாம் இயந்திரத்துக்கும் இரண்டாம் இயந்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். குண்டு ஒன்று, மருந்து ஒன்று, கேப் ஒன்று. கோது? அங்கேதான் ஞாபகம் வந்தது. அந்த வாரம் இரண்டாம் இயந்திரத்துக்குப் போனது ஒரு தனிப் பீப்பா. காவலாளிகளுக்குச் சுடப் பழக்கும் ஓரிடத்திலிருந்து வந்தது. ஒரே ஒரு தடவை சுட்ட கோதுகள், தங்கம்போலப் பளபளத்தன, அடியில் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. அதுவரை எங்களுக்கு வந்தவற்றில் அதுதான் மிகச் சிறந்தது என்று எல்லோரும் சந்தோசப்பட்டோம். நல்ல கோதை நல்ல கையிடம் கொடுக்கவேண்டும் என்றுதான் ஸ்டவ்ரூலாவின் இயந்திரத்தில் போட்டார்கள்.

ஆனால் அந்தக் கோதுகளில் நான் அளக்காத இடம் ஏதும் உண்டா?

உள்ளே மருந்து இருப்பதால் ரவையை வெட்ட முடியாது. அதற்கென்று இருந்த கருவியில் வைத்து, கட்டைக்குள் பாதியில் நின்ற ரவையொன்றின் குண்டை மெதுவாக வெளியே எடுத்தேன். குண்டின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உருண்டையாக நேராக இருக்கவேண்டிய ஈயம், அடியில் இடுப்பு ஒடுங்கினமாதிரி நெரிந்திருந்தது. தடங்கலில்லாமல் விழுந்த ரவையொன்றின் குண்டையும் எடுத்துப் பார்த்தேன். அது போனபடியே வந்தது.

கழகக்காரர் சுடும் இந்தக் குண்டு, காகிதத்தில் வட்டமாக ஓட்டை விழவேண்டும் என்பதற்காகத் தட்டை மூக்குடன் செய்யப்படுவது. மற்றக் குண்டுகள்போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. முழுக்க முழுக்கக் கோதுக்குள் இறங்கி, வாயோடு வாயாக நிற்கும். ஆகவே அதன் அடி கோதின் ஆழத்துக்குப் போகும். நாங்களோ சுவரின் தடிப்பை வாயில் மட்டும்தான் அளந்துவந்தோம். எல்லாரும் அங்கேதான் அளப்பார்கள்.

ரோலி அந்தப் பீப்பாவிலிருந்து இரண்டு வெற்றுக் கோதுகளை எடுத்தார். கேப்புகளைக் கழற்றி, கட்டையில் இறுக்கி, மெல்லிய வாளால் நெடுக்காக அறுத்தார். வழக்கமாக அந்த மாதிரி வேலையை எங்களிடம் தருவார். அன்று தானே செய்தார். நான் வெட்டுமுகங்களை நுண்ணிய எமரித் தாளில் தேய்த்து, கழுவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அடியில் ஒரே முத்திரை. வாயில் ஒரே தடிப்பு. ஆனால் ஒன்றின் சுவர் மெல்லியதாகவே ஆழம்வரை இறங்கியது. மற்றதன் சுவர் பாதிவழியிலேயே தடிக்கத் தொடங்கியது. ஒரே கொம்பனி, இரண்டு வகையான ரவைகளுக்காக இரண்டு விதமாகக் கோது செய்து, ஒரே முத்திரையைக் குத்தியிருக்கிறது. இரண்டும் ஒரே பீப்பாவில் கலந்து வந்துவிட்டன. தடித்த சுவர் இருந்த கோதில், கீழே இறங்கிய குண்டுக்கு இடம் போதவில்லை. குண்டு பாதி நெரிந்தது. கோது பாதி புடைத்தது. புடைத்த கோது துப்பாக்கிக்குள் போக மறுத்தது. நெரிந்த குண்டு கண்ட பாட்டுக்குப் பறந்தது.

ரோலி இரண்டு பாதிகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா அறுத்திருக்கிறன் என்ன?” என்றார் கடைசியில். அவர் பகிடி விட்டதை அன்றுதான் கண்டேன்.

எல்லாக் கோதையும் அறுத்துப் பார்க்க முடியாது என்பதால், பிரித்தெடுக்க ஒரு வழி வேண்டும். குண்டின் பருமனில் ஓர் உருக்குக் கோல், குண்டு இறங்கும் ஆழத்தில் அதில் ஒரு கோடு. கோதுக்குள் விட்டால் கோடுவரை இறங்குவது மெலிவு. கோட்டுக்கு முன் நிற்பது தடிப்பு. நான் படம் கீறினேன். சிவநாதன் அதை ஒழுங்கான வரைபடமாக்கித் தந்தார். கருவிப் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். இவ்வளவுதான் அந்தக் கேஜ். கையில் எடுத்தால் ஒரு பென்சில் துண்டுமாதிரி இருக்கும்.

பிரையருக்கு வாயால் சொல்லிப் பயனில்லை என்று ரோலிக்குத் தெரியும். ஜீனையும் அழைத்து, கொட்டகைக்குப் பின்னால் இருந்த சோதனைச் சுரங்கத்தில் சுட்டுக்காட்ட ஏற்பாடு செய்தார். துப்பாக்கிக் குழாயை இரும்புச் சட்டத்தில் இறுக்கிவைத்துச் சுடுவோம். ஆளின் கை நடுக்கம் அதில் கலக்காது. ரவைகளை யார் நிரப்புவது என்று வந்தபோது, “ஸ்டவ்ரூலா நிரப்பவேணும், அதே இரண்டாம் மெஷினில” என்றார் ரோலி.

நான் கழுவும் பகுதிக்குப் போனேன். அவள் முழங்கைவரை ஈரமாக நின்றாள்.

“இப்ப நான் நிரப்ப வேணுமோ?” என்றாள். “பிறகும் பிழைச்சா? அப்ப எல்லாரும் முன்னால நிண்டு பாத்ததா இருக்கும்.”

“பாதி பிழைக்கும்,” என்றேன். “எந்தப் பாதி பிழைக்கும் எண்டு முதலே எனக்குத் தெரியும். அதைத்தான் காட்டப்போறன்.”

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நான் பிரித்துக் கொடுத்த இரண்டு தட்டுக் கோதுகளையும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் நிரப்பினாள். முதலில் மெலிந்த சுவர்க் கோதுகளைச் சுட்டார்கள். காகிதத்தை இழுத்துக் கொண்டுவந்தபோது, ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கிழிசலாக இருந்தன. ஒரு போத்தல் மூடியால் மறைத்துவிடலாம். அடுத்து தடித்தவை. சிலவற்றைத் தட்டித்தான் உள்ளே இறக்கவேண்டியிருந்தது. அந்தக் காகிதம் வந்தபோது, சாப்பாட்டுக் கோப்பை ஒன்றை வைத்து மூடினாலும் ஓரத்தில் இரண்டு ஓட்டைகள் வெளியே நிற்கும்போலிருந்தது.

ஜீன் இரண்டு காகிதங்களையும் பிடித்துப் பார்த்து, “நான் குடிச்சிட்டுச் சுடுறன் எண்டு எங்கட கழகத்தில கதைச்சவை,” என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

பிரையர் காகிதங்களைப் பார்த்தார், அறுத்த கோதுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்தப் பீப்பாவில நிரப்பினது முழுக்கத் திருப்பி எடுக்கவேணும்” என்று மெதுவாகச் சொன்னார். மாநிலம் முழுக்கப் போன பெட்டிகள் அவை. அந்தச் சொல் அவருக்கு இலகுவாக வந்திருக்காது. தாமதிக்காமல் சொன்னார் என்பதை நான் இன்றைக்கும் அவர் கணக்கில் வைத்திருக்கிறேன்.

ரோலி அவரை விடவில்லை. தன் வலப்பக்கம் அவரைக் கொண்டுவந்து நிறுத்தி, “வேற ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டார்.

பிரையர் சிவந்துபோனார். பிறகு நேரே ஸ்டவ்ரூலாவிடம் போய், எல்லோர் முன்னாலும், “நான் சொன்னது பிழை. சொறி” என்றார்.

ஸ்டவ்ரூலா கைகளைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். “சொறி வேண்டாம்,” என்றாள். “கதிரை வேணும்.”

“என்ன?”

“காலமையிலயிருந்து பின்னேரம்வரை நிண்டு வேலை செய்யிறன். முதுகு சாயிற கதிரை வேணும். எனக்கும், முதலாம் மெஷின்காரிக்கும்.”

அடுத்த கிழமையே கதிரைகள் வந்தன. நீலத் துணி போட்டவை. எங்கள் கொட்டகையில் இயந்திரத்துக்கு முன்னால் இருந்து வேலை செய்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

திருப்பி வந்த பெட்டிகளைப் பிரித்துச் சோதிக்க எங்களுக்கு நெடுநாள் பிடித்தது. பிரையரும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு எங்களோடு இருந்து பெட்டி உடைத்தார். அந்த உருக்குக் கோலுக்கு வேலைத்தலத்தில் ‘மாகி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “மாகி போட்டுப் பாத்தியா?” என்று ஆட்கள் ஒருவரையொருவர் கேட்கும்போது முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ரோலி ஓய்வுபெற்றபோது அளவு அறை என் பொறுப்புக்கு வந்தது. கொம்பனி கைமாறி, ரவை வேலையை விட்டுவிட்டு வேறு பித்தளைச் சாமான்களுக்குப் போனபிறகும் அங்கேயேதான் இருந்தேன். நல்ல வேலை. காலையில் குளிர்தண்ணீரில் கைகழுவி அந்த அறைக்குள் போகும்போது, ஒருநாளாவது போகாமல் விடுவோமா என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஜீன் மாநில அணிக்குத் தெரிவானாள். அந்தச் சந்தோசத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் மூவரையும் — என்னை, ரோலியை, ஸ்டவ்ரூலாவை — தன் கழகத்துக்கு அழைத்தாள். சிவநாதனும் வந்தார். வெயில் இதமாக இருந்தது. இறைச்சி சுட்டார்கள், எனக்கென்று முட்டை பொரித்துப் பாணில் வைத்துத் தந்தார்கள். இத்தனை ஆயிரம் ரவைகளைக் கையால் தொட்ட நான் அதுவரை ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. ஜீன் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டித் தந்தாள். சுட்டேன். காகிதத்தில் ஒன்றும் விழவில்லை. பின்னாலிருந்த மண்மேட்டில் புழுதி எழும்பியது. ஒரு ரவையோடு எனக்குப் போதுமென்றாகிவிட்டது. “வடிவா அளக்கிறீர், அது காணும்” என்றார் சிவநாதன்.

பிறகு ஸ்டவ்ரூலா போய் நின்றாள். கால்களை அகட்டி, மூச்சைப் பிடித்து, அவசரமில்லாமல் சுட்டாள். ரிவோல்வரில் இருந்ததெல்லாம் முடிந்ததும் ஜீன் தூரநோக்கியில் பார்த்தாள். போய் இன்னொரு பெட்டி கொண்டுவந்தாள். அதையும் சுட்டு முடித்தபோது பக்கத்து மேடைகளில் நின்றவர்கள் தங்கள் சூட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வருடமே அவள் கழகத்தில் சேர்ந்துவிட்டாள். கணவன் முதலில் முணுமுணுத்தானாம். பிறகு அவனே சனிக்கிழமைகளில் காரோட்டிக் கொண்டுவந்து விட்டான். கிண்ணங்கள் வாங்கத் தொடங்கினாள். அதன்பிறகு என் அளவு அறைக்கு நிம்மதி போய்விட்டது. ஜீனைவிட, ஏன், எங்கள் எந்த வாடிக்கையாளரையும்விடக் கடுமையான ஆள் என்னோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்துகொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, தேநீர் இடைவேளையில், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். ஒரு ரவையைக் கம்பளித் துணியில் என் முன்னால் வைத்தாள்.

“மாகி, இது இறுக்கம்.”

பெட்டியின் அடையாளத்தைக் கேட்டேன். சொன்னாள். இரண்டாம் இயந்திரம்.

“ஸ்டவ்ரூலா, இது நீ நிரப்பினது.”

“ஓம்,” என்றாள், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. “நான் நிரப்பினதில பிழை இராது. நீ அளந்து பார்.”

நான் போய்க் குளிர்தண்ணீரில் கைகழுவிவிட்டு வந்தேன்.